சவரத்துக்கு முன் பூசும் எண்ணெய்

மே 12, திங்கள்

இது எஸ்தர் மேடம் கொடுத்த நோட்டு. கோபம் எப்போது வந்தது, எதனால் வந்தது, வந்தபோது என்ன செய்தேன் என்று அன்றன்றைக்கு எழுத வேண்டுமாம். ஆறு வாரம் கழித்து வாங்கிப் படிப்பார். குடும்ப நல கோர்ட்டில் ஆலோசகர் என்று ஒரு வேலை இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். மனைவியோடு சேர்ந்து வாழ வேண்டும் என்று மனுப் போட்டது நான். வீட்டுப்பாடமும் எனக்குத்தான்.

பெயர் லோகநாதன். வயது முப்பத்தேழு. ஈரோடு - திருச்செங்கோடு தனியார் பஸ்ஸில் டிரைவர். மனைவி பூங்கொடி. மகள் தாரணிக்கு ஆறு வயது. இருவரும் தை மாதத்திலிருந்து குமாரபாளையத்தில் என் மச்சான் வீட்டில் இருக்கிறார்கள். காரணம், கருத்து வேறுபாடு.

இன்று கோபம் வரவில்லை.

மே 13, செவ்வாய்

தினமும் கோபம் வரவில்லை என்று எழுதினால் மேடம் நம்ப மாட்டார். அதனால் போன சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

கோர்ட்டில் குழந்தைகளைப் பார்க்க ஒரு அறை இருக்கிறது. சுவரில் யானை, முயல் படங்கள். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தாரணியை உள்ளே அனுப்பினார்கள். நான் மண்டியிட்டுக் கையை நீட்டினேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே கவுனை நனைத்துவிட்டாள். 'குழந்தை அஞ்சுகிறது' என்று மேடம் எழுதிக்கொண்டார்.

அஞ்சாமல் என்ன செய்யும்? அன்றைக்கு என் முகம் அந்த லட்சணத்தில் இருந்தது. அவசரமாக ஷேவ் செய்ததில் தாடையில் நாலு வெட்டு. கழுத்து முழுக்கச் சிவப்புக் கொப்புளம். காதுக்குக் கீழே ரத்தம் நிற்காமல் காகிதத் துண்டு ஒட்டியிருந்தேன். என் தாடி தேங்காய் நார். பிளேடு அதை அறுக்காது, பிடுங்கும்.

அடுத்த சந்திப்பு ஜூன் 21. அன்றைக்குத் தாரணி பயமில்லாமல் என்னிடம் வந்தால், சனி ஞாயிறு அவளை என் வீட்டுக்கு அனுப்பச் சிபாரிசு செய்வதாக மேடம் சொல்லியிருக்கிறார். மகள் வந்தால் பின்னாலேயே தாயும் வந்துதான் ஆகவேண்டும். ஆக, முகத்தைச் சரிசெய்ய வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மே 14, புதன்

சலூனுக்குப் போகலாமே என்று மேடம் கேட்கலாம். போக முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாதேஸ் கடையில் ஷேவ் செய்யும்போது கத்தி காதோரம் கொஞ்சம் இழுத்துவிட்டது. நான் எழுந்தேன். அந்தக் களேபரத்தில் கண்ணாடி உடைந்தது, மாதேஸுக்கு முன்பல் இரண்டு போனது. அவர்கள் சங்கத்தில் பேசி வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து நான் குடியிருக்கும் பள்ளிபாளையத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் "ஆள் இருக்குதுங்க" என்கிறார்கள். நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

மே 16, வெள்ளி

எங்கள் வண்டிக் கண்டக்டர் குழந்தைவேல் நல்லவன். என் கழுத்தைப் பார்த்துவிட்டுச் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான்.

"அண்ணா, வெறும் சோப்பு நுரைய அப்பிக்கிட்டு இழுத்தா இப்படித்தான் ஆவும். அதுக்கு முன்னால எண்ணெ பூசோணுமுங்கொ. முடி எளகும், பிளேடு வழுக்கிக்கிட்டுப் போவும்."

"கடையில விக்குதா?"

"அதெல்லாம் எதுக்குங்ணா? வெளக்கெண்ணெ ஒரு பங்கு, தேங்காயெண்ணெ ரெண்டு பங்கு. வாசத்துக்கு ஏதாச்சும் ரெண்டு சொட்டு. வீட்லயே கலக்கிக்கலாம்."

திருச்செங்கோட்டில் வண்டி நின்ற பத்து நிமிஷத்தில் செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஒரு குப்பி நீலகிரித் தைலம் எல்லாம் வாங்கிவிட்டேன். கோபம் வரவில்லை.

மே 17, சனி

ரெண்டு சொட்டு என்றான். ரெண்டு சொட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு மூடி ஊற்றினேன். பூசி ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது. பிளேடு வைத்ததும் மிளகாய்த் தூளை அப்பியது மாதிரி எரிந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பாட்டிலைச் சுவரில் அடித்தேன். தரையெல்லாம் எண்ணெய். துடைக்க ஆளில்லாத வீடு.

அந்த முகத்தோடு வண்டி எடுத்தேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஸ்டாண்டை விட்டுக் கிளம்ப ஒரு நிமிஷம் குறித்திருப்பார்கள். எங்கள் டைம் ஒன்பது பன்னிரண்டு. எதிர்க் கம்பெனி வண்டிக்காரன் தங்கராசு, ஒன்பது எட்டுக்குக் கிளம்ப வேண்டியவன், ஒன்பது பதினொன்று வரை வாசலை மறித்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். ஹாரன் அடித்தேன். ஜன்னலில் தலையை நீட்டி, "என்னப்பா, மூஞ்சி செவந்து கெடக்குது, கண்ணாலமா?" என்றான்.

வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கதவைத் திறந்து சட்டையைப் பிடித்து இழுத்ததில் அவன் தலை முதலில் தரையில் பட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. முழங்காலில் ஒரு போடு போட்டேன். தேங்காய் உடைகிற சத்தம். தோளில் ஒன்று. மூன்றாவதற்கு ஓங்கும்போது குழந்தைவேல் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். தங்கராசு தவழ்ந்து பஸ்ஸுக்கு அடியில் போய் ஒளிந்தான். அவன் வண்டியில் இருந்த சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். எனக்குக் கை கால் எல்லாம் லேசாகி, முகத்து எரிச்சல்கூட நின்றுவிட்டது. உண்மையை எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

கோபம் வந்த நேரம் ஒன்பது பதினொன்று. காரணம் நீலகிரித் தைலம்.

மே 19, திங்கள்

பஸ் முதலாளிகள் இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து சமாதானம் பேசிவிட்டார்கள். எனக்குப் பத்து நாள் வண்டி கிடையாது. தங்கராசுக்கு முழங்கால் சில்லு மாற்ற வேண்டுமாம். அவனும் பேசாமல் இருந்திருக்கலாம்.

மே 20, செவ்வாய்

எண்ணெய் வழிந்த தரையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். நாலு தரம் தேய்த்தும் வழுக்குகிறது.

மே 25, ஞாயிறு

இரண்டாவது கலவை. தைலம் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். எதுவும் அதிகம் இருந்தால் நல்லது என்ற என் புத்தி மட்டும் போகவில்லை. விளக்கெண்ணெய் மூன்று பங்கு, தேங்காய் எண்ணெய் ஒரு பங்கு. பசை மாதிரி வந்தது. இரண்டு இழுப்பில் பிளேடு முழுக்க முடியும் எண்ணெயும் அடைத்துக்கொண்டது. தண்ணீரில் காட்டினாலும் போகவில்லை. பாதி முகம் தாடி, பாதி முகம் ரத்தம்.

கண்ணாடி கை தவறி உடைந்தது. விரல் முட்டியில் ஐந்து தையல்.

மே 28, புதன்

இன்று எஸ்தர் மேடம் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசினார்.

பூங்கொடி எக்ஸ்ரே கொண்டுவந்திருந்தாள். மேடம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தாடை எலும்பில் ஒரு கோடு. பூங்கொடி இப்போதும் வாயை முழுக்கத் திறப்பதில்லை, ஒருக்களித்துத்தான் பேசுகிறாள்.

நான் சொன்னேன், "ஒரே ஒரு அறைங்க மேடம். அவ திரும்புன தெசை சரியில்ல."

"எதுக்காக அடிச்சீங்க?" என்றார் மேடம்.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பூங்கொடி சொன்னாள். "சோறு ஆறிப்போச்சுன்னு மேடம். விடியால ஷிப்டுக்குப் போயிட்டு பன்னெண்டு மணிக்கு வருவாருங்க. அஞ்சு மணிக்கு ஆக்குன சோறு பன்னெண்டு மணிக்கு ஆறாம என்னுங்க பண்ணும்?"

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். எனக்கு மேசையைப் புரட்டிப் போடலாம் போல இருந்தது. புரட்டவில்லை. இதை முன்னேற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தாரணி என் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தாள், அதற்கான ஏற்பாட்டில் இருக்கிறேன் என்று மேடத்திடம் எடுத்துச் சொன்னேன்.

"மொகத்தப் பாத்துப் பயப்படலீங்க மேடம்," என்றாள் பூங்கொடி. "கையப் பாத்துத்தான் பயப்படறா."

இவளுக்கு எப்போதும் ஒரு எதிர்ப்பேச்சு. கையில் என்ன இருக்கிறது? அன்றைக்கு நகம்கூட வெட்டியிருந்தேன்.

ஜூன் 1, ஞாயிறு

மறுபடி வண்டி ஓட்டுகிறேன். தங்கராசு வண்டியில் புது டிரைவர். என்னைப் பார்த்ததும் தன் டைமுக்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே எடுத்துவிடுகிறான்.

ஜூன் 4, புதன்

மூன்றாவது கலவை. இந்த முறை அவசரப்படவில்லை. விளக்கெண்ணெய் ஒரு பங்கு, பாதாம் எண்ணெய் மூன்று பங்கு. தாரணியின் பழைய இருமல் மருந்து அளக்கும் மூடியால் அளந்தேன். வாசனைக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. முதலில் முழங்கையின் உட்பக்கம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். நேற்றே கலந்து தடவி விட்டிருந்தேன். தடிப்பு இல்லை.

ஜூன் 5, வியாழன்

வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு இருபது எண்ணினேன். உள்ளங்கையில் ஐந்து சொட்டு எண்ணெய். முடி முளைத்த திசைக்கு எதிராகத் தேய்த்தேன். இரண்டு நிமிஷம் சும்மா நின்றேன். சும்மா நிற்பதுதான் எனக்குக் கஷ்டம். அதற்கு மேல் சோப்பு நுரை. பிளேடை அழுத்தாமல் முடி படிந்த திசையிலேயே இறக்கினேன்.

ஒரு வெட்டு இல்லை. ஒரு கொப்புளம் இல்லை. கழுத்தைத் தடவிப் பார்த்தேன், தாரணியின் கன்னம் மாதிரி இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். இந்த வீட்டில் யாராவது சிரித்து ஐந்து மாதம் ஆகிறது. அதற்கு முன்னாலும் அதிகம் இல்லை.

ஜூன் 9, திங்கள்

குழந்தைவேல் படியில் தவறி விழுந்தான்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று ஒரு வரிதான் எழுதினேன் என்று மேடம் கேட்பார். சங்ககிரி பிரிவு ரோட்டில் வண்டி நின்றபோது, என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டி, "அண்ணி போனதும் அண்ணன் மாப்பிள்ளை கணக்கா மின்னறாரு" என்று சொன்னான். பயணிகள் சிரித்தார்கள். அதன் பிறகு அவன் படியில் விழுந்தான். வலது காதில் ரத்தம் வந்தது. தலைகீழாக விழுந்தால் காதில் ரத்தம் வரத்தான் செய்யும்.

"நாந்தான அன்னிக்குத் தடுத்தேன், நாந்தான எண்ணெ கலக்கச் சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் இனி என் வண்டிக்கு வர மாட்டான். முதலாளியிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. படியில் விழுந்தேன் என்று அவனேதான் சொன்னான்.

ஜூன் 12, வியாழன்

அடுத்த பக்கம் கிழிந்திருக்கும். எண்ணெய் கொட்டிவிட்டது.

ஜூன் 18, புதன்

தினமும் எண்ணெய், தினமும் ஷேவ். முகம் தேறிவிட்டது. தாரணிக்கு ஒரு பொம்மை வாங்கலாமா என்று எஸ்தர் மேடத்துக்குப் போன் போட்டேன். பொருள் எதுவும் வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள் என்றார். குழந்தையைத் தூக்காதீர்கள், அவளாக வந்தால் வரட்டும் என்றார். சரி என்றேன்.

ஜூன் 21, சனி

கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை முடித்ததும் நோட்டை மேடத்திடம் கொடுத்துவிட வேண்டும்.

காலையில் பூசினேன். ஷேவ் செய்த பிறகும் இரண்டு சொட்டு கன்னத்தில் தடவிக்கொண்டேன், பளபளப்பாக இருக்கட்டும் என்று. வெள்ளைச் சட்டை. பதினொரு மணிக்கு அறைக்குள் போய்ச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம். வெளியே பெஞ்சில் பூங்கொடி. அறைக்குள் பேசுவது கண்ணாடியைத் தாண்டிக் கேட்காது.

தாரணி வந்தாள். சுவர் பக்கம் போனாள். நான் அசையவில்லை. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கால்மணி நேரம் முயல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு எட்டு எடுத்து வைத்தாள். பிறகு இன்னொன்று. ஒரு கை தூரம் வந்ததும் நின்று மூக்கை உறிஞ்சினாள். என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"அப்பா, உங்கள ஆரு அடிச்சா?"

எனக்குப் புரியவில்லை. "ஆரும் அடிக்கலயே அம்மிணி. ஏன் கேக்கற?"

"வெளக்கெண்ணெ வாசம் வருது."

"அது ஷேவிங் பண்றதுக்கு. மொகத்துக்குப் பூசறது."

"தெரியும்," என்றாள். "அம்மாளும் மொகத்துக்குத்தான் பூசிக்கும். அடுப்புல கரண்டிய வெச்சுச் சூடு பண்ணும். நாந்தான் நீவி விடுவேன். வீங்குனது வடிஞ்சிரும்."

என் வீட்டில், என் அடுப்பில், நான் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் படுத்துத் தூங்கிய நேரத்தில் நடந்தது இது.

அவள் இன்னும் கிட்ட வந்தாள். என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எம்பி, இரண்டு விரலைக் காதுக்குக் கீழே வைத்து, தாடையோரமாக மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தாள். அழுத்தவில்லை. எலும்பு இருக்கும் இடத்தில் விரலை லேசாக்கினாள். எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆறு வயதுக்கு அது பழகிய கை. பத்து இருபது தடவை செய்து பழகாமல் அந்தக் கை வராது.

"வலிச்சாப் பல்லக் கடிச்சுக்கோணும்," என்றாள்.

என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது. நான் அழுகிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் சட்டென்று உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினாள். கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் காதில் குசுகுசுவென்று சொன்னாள்.

"சத்தம் போடாதீங்க. அப்பா முழிச்சுக்குவாங்க."

யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு நினைப்பில்லை. கைக்கு எண்ணெய் பட்டால் வாய்க்கு அந்த வார்த்தை வருகிறது, அவ்வளவுதான். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் என்று இருந்தது எனக்கு. முன்பெல்லாம் வெட்கம் வந்தால் யாரையாவது அடிப்பேன். அங்கே அடிக்க யாரும் இல்லை.

மணி அடித்தார்கள். தாரணி கையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மேடம் உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"லோகநாதன், நான் எதிர்பார்க்கவே இல்லை. தானாகவே கிட்ட வந்தா. முகத்தைத் தடவிக் கொடுத்தா. காதுல ரகசியம்கூடச் சொன்னா போல இருக்கே. ரொம்ப நல்ல முன்னேற்றம். அடுத்த வாரத்திலிருந்து சனி ஞாயிறு உங்க வீட்டுக்கு அனுப்பலாம்னு எழுதிடறேன். சரிதானே?"

ஆறு வாரமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் எண்ணெய் கலக்கினேன். சரிங்க என்று சொன்னால் முடிந்தது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

திறந்திருந்த கதவு வழியாக வராந்தா தெரிந்தது. தாரணி ஓடிப்போய் பூங்கொடி மடியில் விழுந்தாள். பூங்கொடி அவள் கையைப் பிடித்தாள். பிடித்த கையை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே எழுந்து, பிள்ளையைப் பெஞ்சின் மேல் நிறுத்தி, மோவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். முடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தாள். சட்டைக் கையை மேலே தள்ளி இரண்டு தோளையும் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தாரணி பழகிய பிள்ளையாக, சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அனுப்பாதீங்க மேடம்," என்றேன்.

மேடம் எழுதுவதை நிறுத்தினார். "ஏன்?"

தாரணி என் காதில் சொன்னதைச் சொன்னேன். அது யாரிடம் சொல்லிப் பழகியது என்பதையும் சொன்னேன். குழந்தைவேல் படியில் விழவில்லை, டிக்கெட் மெஷினால் நான்தான் காதில் அடித்தேன் என்றும் சொன்னேன்.

மேடம் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தார். சேர்ந்து வாழக் கேட்ட மனுவைத் திரும்பப் பெறுவதாக இருந்தால் என் கைப்பட எழுதித் தர வேண்டும் என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளில் என் விரல் பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தது. பரவாயில்லை, அதற்கு மேலேயே முத்திரை குத்திக்கொள்கிறேன் என்றார்.